சொரியாசிஸ்: ஒரு நோய்க்கு ஏன் இத்தனை வைத்தியங்கள்?

ஒரே ஊரில் சொரியாசிஸ் உள்ள நான்கு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் களிம்பு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர் வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் ஒளிப்பெட்டிக்குள் நின்றுவிட்டு வருகிறார். மூன்றாமவருக்கு மாத்திரை, அதுவும் வாரத்தில் ஒரே ஒரு நாள். நான்காமவருக்குப் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஊசி. நால்வரும் ஒரு நாள் சந்தித்துப் பேசினால், யாருடைய மருத்துவர் சரி, யாருடையவர் காசு பிடுங்குகிறார் என்ற சந்தேகம் வராமல் இருக்காது. நான்கு பேருக்கும் சரியான வைத்தியமே நடந்துகொண்டிருக்கலாம். அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, நோய் எங்கே தொடங்குகிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

தோலில் தெரிவது, தோலுக்குள் நடப்பது

மேல்தோலின் அடியில் பிறக்கும் ஓர் உயிரணு மெல்ல மேலேறி, காய்ந்து, நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துபோக ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் இந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் மேலே வந்து குவிகின்றன. வெள்ளிச் சரிகை போன்ற செதில், அதன் கீழே தடித்த சிவந்த தோல் என்று நாம் பார்ப்பது இந்தக் குவியலைத்தான். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு சில சமயம் ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும்.

வெகு காலம் இதைத் தோல் அணுக்களின் கோளாறு என்றே நினைத்திருந்தார்கள். உடல் உறுப்பு மாற்றிய பின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கக் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து சொரியாசிஸையும் குறைக்கிறது என்று 1979இல் கவனித்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கினால் தோல் சரியாகிறது என்றால், குற்றவாளி தோல் இல்லையே. இன்று நமக்குத் தெரிந்த சித்திரம் இது: வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் தேவையின்றித் தூண்டப்பட்டு, அவையும் அவற்றைத் தூண்டும் அணுக்களும் சில வேதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை மூன்று: டி.என்.எஃப், இன்டர்லூக்கின் 23, இன்டர்லூக்கின் 17. பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஊசிகளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும்.

1. இது தொற்றுநோய் இல்லை. தொட்டாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும், ஒரே குளத்தில் குளித்தாலும் ஒட்டாது.

2. மரபணு வழியாக வருவது நோய் வரும் வாய்ப்பு மட்டுமே. தொண்டைத் தொற்று, மன அழுத்தம், மது, புகை, தோலில் படும் காயம், மனநல மருந்தான லித்தியம், சில இரத்த அழுத்த மாத்திரைகள், மலேரியாவுக்கான குளோரோகுயின் போன்றவை அந்த வாய்ப்பைத் தட்டி எழுப்பலாம்.

3. பாதிப்பு தோலோடு நிற்பதில்லை. நோயாளிகளில் ஏறத்தாழ 30% வரை மூட்டுவாதம் வரலாம். இதயநோய், நீரிழிவு, கொழுப்பு படிந்த ஈரல், மனச்சோர்வு ஆகியவையும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

முற்றிலும் வேரறுக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆனால் தோலைச் சுத்தமாக்கி, ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும் மருந்துகள் உண்டு. இந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தாம் 'நிரந்தரத் தீர்வு' என்ற விளம்பரப் பலகைகளின் கீழ் போய் நிற்கிறார்கள்.

உள்ளங்கையால் ஓர் அளவு

எந்த வைத்தியம் என்று முடிவு செய்யும் முன் நோயின் அளவைக் கணக்கிட வேண்டும். இதற்கு எளிய அளவுகோல் நோயாளியின் சொந்தக் கை. விரல்களையும் சேர்த்த ஒரு உள்ளங்கைப் பரப்பு, உடல் தோலில் ஏறத்தாழ 1%. மூன்று உள்ளங்கைக்குக் குறைவாக இருந்தால் லேசானது, மூன்று முதல் பத்து வரை நடுத்தரம், பத்துக்கு மேல் கடுமையானது என்பது பழைய பிரிவு. இதோடு சிவப்பு, தடிப்பு, செதில் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் போட்டு 0 முதல் 72 வரை கணக்கிடும் முறை ஒன்றும் உண்டு. அதன் சுருக்கப் பெயர் 'பாசி'. பாசி 75 என்றால் நோய் முக்கால் பங்கு தணிந்தது என்று பொருள், பாசி 90 என்றால் பத்தில் ஒன்பது பங்கு.

பரப்பை மட்டும் பார்ப்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. உள்ளங்கால் இரண்டிலும் வெடிப்போடு வந்த சொரியாசிஸ் இரண்டு சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் அந்த மனிதர் வயலில் இறங்க முடியாது, செருப்புப் போட்டு நடக்கக்கூட முடியாது. அவருடைய நோயை லேசானது என்பது கேலியாக இருக்கும். ஆகவே 2020இல் சர்வதேச சொரியாசிஸ் கவுன்சில் வேறு வழியில் பிரித்தது. கீழ்க்காணும் மூன்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே மாத்திரை, ஊசி, ஒளி போன்ற உடல் முழுவதற்குமான வைத்தியத்துக்குப் போகலாம்:

1. பரப்பு 10 சதவீதத்துக்கு மேல்.

2. உச்சந்தலை, முகம், உள்ளங்கை, உள்ளங்கால், பிறப்புறுப்பு, நகம் போன்ற சிக்கலான இடங்களில் நோய்.

3. களிம்பு போட்டுப் பார்த்தும் அடங்காத நிலை.

தொடக்கத்தில் சொன்ன நால்வருக்கும் வைத்தியம் ஏன் வேறுபட்டது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

களிம்புகள்: கணக்கும் கவனமும்

லேசான நோய்க்கு முதல் ஆயுதம் ஸ்டீராய்டு களிம்பு. உடம்பில் தடித்த படைகளுக்குக் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வலுவானவை. முகத்துக்கும் மடிப்புகளுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையானவை, அல்லது ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ். வைட்டமின் டியின் வழிவந்த கால்சிபோட்ரியால் மெதுவாக வேலை செய்யும், ஆனால் தோலை மெலிய வைக்காது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது பலன் கூடுகிறது. செதில் கெட்டியாக இருந்தால் முதலில் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு போட்டுச் செதிலை இளக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற மருந்து உள்ளே இறங்காது.

எவ்வளவு போடுவது? பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். இப்போது ஒரு கணக்கு. உடலில் 10% நோய் என்றால் ஒரு வேளைக்கு ஐந்து விரல்நுனி, அதாவது இரண்டரை கிராம். இரண்டு வேளைக்கு ஐந்து கிராம். கடையில் வாங்கும் 15 கிராம் டியூப் மூன்று நாளில் தீர்ந்துவிடும். பரவலான நோயைக் களிம்பால் மட்டும் அடக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்லும் பலருடைய வீட்டில் ஒரே டியூப் இரண்டு மாதமாக இருப்பதும் இதனால்தான் கவனிக்கத்தக்கது.

மறுபுறம், அளவின்றிப் போடுவதும் ஆபத்து. குளோபெட்டசால் போன்றதைத் தொடர்ந்து மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் காகிதம்போல் மெலியும், கோடுகள் விழும், நிறுத்தியதும் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்ந்து போட்டு, தணிந்ததும் வாரத்தில் இரண்டு நாள் என்று குறைப்பது வழக்கம். நம் நாட்டில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றையும் ஒரே டியூபில் கலந்த களிம்புகள் சீட்டின்றிக் கைமாறிக்கொண்டிருந்தன. மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. அறிவிப்பு கடைத்தெரு வரை முழுதாக வந்து சேரவில்லை என்பது மருந்துக் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் தெரியும்.

களிம்புகளின் வரலாற்றில் இந்தியப் பெயர் ஒன்று இருக்கிறது. பிரேசிலில் வளரும் ஒரு மரத்தின் தூள், போர்ச்சுகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து, படைக்கு மருந்தாக விற்றது. 'கோவாத் தூள்' என்பார்கள். 1876இல் பால்மானோ ஸ்குவையர் என்ற லண்டன் மருத்துவர் அது சொரியாசிஸுக்குப் பயன்படுவதை எழுதினார். அதிலிருந்து பிறந்த டித்ரனால் என்ற மருந்து இன்றும் இருக்கிறது. துணியிலும் தோலிலும் கறை ஏற்றும் என்பதால் அதை விரும்புவோர் குறைவு. வாசனைக்காகவே பலர் ஒதுக்கும் நிலக்கரித் தார் களிம்பும் அப்படித்தான். தலைக்கான ஷாம்பூவாக அது இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

ஒளிச் சிகிச்சை

வெயில் பட்டால் சொரியாசிஸ் குறைவதை மக்கள் என்றோ கவனித்துவிட்டார்கள். மார்கழிக் குளிரில் பலருக்கு அதிகமாவதும் இதன் மறுபக்கம். 1925இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கோக்கர்மன் என்பவர் தாரைப் பூசிப் புறஊதாக் கதிரைக் காட்டும் முறையைத் தொடங்கினார். 1974இல் சோராலென் மாத்திரையைக் கொடுத்து, தோலை ஒளிக்கு உணர்வுள்ளதாக்கிய பின் கதிர் காட்டும் 'பூவா' முறை வந்தது. சோராலென் என்ற பெயர், நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசிச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. அந்த அரிசியை அரைத்துத் தோலில் பூசுவது இங்கே புதிதில்லை.

இன்று பெரும்பாலும் பயன்படுவது 311 நானோமீட்டர் அலைநீளத்தில் மட்டும் ஒளிரும் குறுங்கற்றைப் புறஊதா பி. இதற்கு மாத்திரை தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். வாரம் இரண்டு மூன்று முறை வீதம், இருபது முப்பது முறை நின்றால் பெரும்பாலோருக்குத் தடிப்பு நன்கு மறையும். தோல் சற்றுக் கறுக்கும், சில சமயம் எரியும், கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம்.

இதன் பெரிய பக்கவிளைவு மருத்துவப் புத்தகங்களில் இராது. கருவி இருக்கும் மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வாரம் மூன்று நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும். ஐந்தாறு நிமிடம் ஒளியில் நிற்பதற்கு அரை நாள். மருந்து வேலை செய்தும் பாதியில் நின்றுபோகிறவர்கள் அதிகம் உள்ள சிகிச்சை இது. அப்படியானால் தினமும் நண்பகல் வெயிலில் நின்றால் ஆகாதா என்று கேட்பார்கள். மிதமான காலை வெயில் சிலருக்கு உதவும். ஆனால் தோல் வெந்துபோனால், வெந்த இடத்திலேயே புதிய படை வரும். காயம்பட்ட தோலில் நோய் தோன்றுவது சொரியாசிஸின் குணம்.

மாத்திரைகள்: வாரத்துக்கு ஒரு நாள் என்பதன் பொருள்

நம் நாட்டில் நடுத்தர, கடுமையான சொரியாசிஸின் முதுகெலும்பு மெத்தோட்ரெக்சேட். அதன் கதையில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் வருகிறார். அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிகாட்டிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பின்பு அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அமினோப்டெரின் என்ற மூத்த மருந்து 1948இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் பயன்பட்டது. மூட்டுவாதக்காரர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது சொரியாசிஸ் தடிப்புகள் மறைவதை 1951இல் எழுதினார்கள். இளைய மருந்தான மெத்தோட்ரெக்சேட் நிலைத்துவிட்டது.

விலை குறைவு, வாரச் செலவு சில பத்து ரூபாய்களில் முடியும். மூட்டுக்கும் உதவும். நான்கு மாதத்தில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு முக்கால் பங்கு தணிவைக் காண்கிறார்கள். இத்தனை நல்ல குணம் உள்ள மருந்துக்கு ஒரே ஒரு கொடிய பிழை உண்டு: வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போட்டுவிடுவது. வாய்ப்புண், இரத்த அணுக்கள் சரிவு, மரணம் வரை கொண்டுபோகும். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் சிறியது, மஞ்சள் நிறம். மாற்றிப் போட்டுவிட வாய்ப்பு நிறைய. ஆகவே:

1. 'செவ்வாய்' என்றோ 'ஞாயிறு' என்றோ கிழமையைச் சீட்டிலேயே தமிழில் எழுதி வாங்க வேண்டும். தினசரித் தாள் கிழிக்கும் காலண்டரிலும் குறிக்கலாம்.

2. ஃபோலிக் அமிலத்தை வேறு கிழமையில், வேறு டப்பாவில் வைக்க வேண்டும்.

3. தொடங்கும் முன்பும், பின்பு சீரான இடைவெளியிலும் இரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் பரிசோதனை வேண்டும்.

4. மது கூடாது. இதில் பண்டிகை நாள் விதிவிலக்கு கிடையாது.

5. கர்ப்ப காலத்திலும் அதற்கான திட்டம் இருக்கும்போதும் கூடவே கூடாது. கணவர் இந்த மருந்து எடுத்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சைக்ளோஸ்போரின் வேகமானது, திடீரென்று முற்றிய நோய்க்கு ஏற்றது. சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பாதிப்பதால் ஓரிரு ஆண்டுக்கு மேல் ஓட்ட முடியாது. அசிட்ரெட்டின் எதிர்ப்பாற்றலை அடக்காது, சீழ்க்கொப்புள வகைக்கு நல்லது. ஆனால் நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டு வரை கருத்தரிக்கக் கூடாது என்பதால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. அப்ரெமிலாஸ்ட் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. இரத்தப் பரிசோதனைத் தொல்லை குறைவு, பலனும் மிதமானது. முதல் சில வாரம் வயிற்றுப்போக்கும் குமட்டலும் படுத்தும்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் சொரியாசிஸ் தடிப்புக்கு வழக்கமான வைத்தியம் இல்லை. போட்ட சில நாளில் தோல் பளிச்சென்று ஆகும், கைராசிக்கார டாக்டர் என்று பெயரும் பரவும். நிறுத்தியதும் உடல் முழுவதும் சீழ்க்கொப்புளமாகவோ, தலைமுதல் கால்வரை சிவந்து உரியும் நிலையாகவோ நோய் திரும்பி வரலாம். உடல் வெப்பமும் நீரும் கட்டுப்பாடின்றி வெளியேறும் அந்த நிலைக்கு மருத்துவமனைப் படுக்கை வேண்டும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடி மூன்று நாளில் அற்புதம் செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுவது நியாயமே.

உயிரியல் ஊசிகள்

மெத்தோட்ரெக்சேட் எதிர்ப்பு மண்டலத்தை மொத்தமாகத் தட்டுகிறது. உயிரியல் மருந்துகள் முன்பு சொன்ன மூன்று செய்திகளில் ஒன்றை மட்டும் வழிமறிக்கின்றன.

1. டி.என்.எஃப் தடுப்பான்கள்: எட்டானர்செப்ட், இன்ஃப்லிக்ஸிமாப், அடாலிமுமாப். மூத்தவை, மூட்டுக்கும் நல்லவை. அடாலிமுமாபின் உலகின் முதல் உயிரொப்பு மருந்தை (மூல மருந்தை ஒத்த நகலை) 2014 டிசம்பரில் இந்தியாவின் சைடஸ் நிறுவனம் வெளியிட்டது.

2. இன்டர்லூக்கின் 17 தடுப்பான்கள்: 2015இல் வந்த செக்குகினுமாப், பிறகு இக்செகிசுமாப். வேகமானவை. வாயிலும் மடிப்பிலும் பூஞ்சை வரலாம். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குத் தவிர்ப்பார்கள்.

3. இன்டர்லூக்கின் 23 தடுப்பான்கள்: குசெல்குமாப், டில்ட்ராகிசுமாப், ரிசான்கிசுமாப். தொடக்க ஊசிகளுக்குப் பிறகு எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

வேறு பாதையில், பெங்களூருவின் பயோகான் நிறுவனம் இட்டோலிசுமாப் என்ற மருந்தை 2013இல் இந்தியாவில் சொரியாசிஸுக்காக அறிமுகப்படுத்தியது.

பலனில் பெரிய தாவல் நடந்திருக்கிறது. இந்த ஊசிகளில் புதியவை, பத்தில் ஏழு எட்டுப் பேருக்குப் பாசி 90 வரை கொண்டுபோகின்றன. முக்கால் பங்கு தணிந்தால் போதும் என்று இருபது ஆண்டுக்கு முன் எண்ணியவர்கள் இப்போது சுத்தமான தோலையே இலக்காகப் பேசுகிறார்கள்.

ஆனால் இந்தியாவில் இந்த ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: காசநோய். நம்மில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி உடல் கட்டியிருக்கும் சுவரைத் தாங்குவதில் டி.என்.எஃப்புக்குப் பங்கு உண்டு. அதைத் தடுத்தால் சுவர் இடியும், கிருமி விழிக்கும். ஆகவே மார்பு எக்ஸ்ரே, மான்டூ ஊசிச் சோதனை அல்லது இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுடன் மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி சோதனைகளும் முதலில் நடக்கும். உறங்கும் கிருமி தெரிந்தால், காசநோய்த் தடுப்பு மருந்தை ஒரு மாதமாவது கொடுத்த பிறகே ஊசி. 17, 23 தடுப்பான்களில் இந்த ஆபத்து குறைவு என்றாலும் சோதனை உண்டு. 'ஊசி போட வந்தவனை எக்ஸ்ரேவுக்கு அனுப்புகிறார்கள்' என்று கோபப்படுகிறவர்கள், எக்ஸ்ரே கேட்காத இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

சித்த மருத்துவமும் பத்தியமும்

சித்த மருத்துவர்கள் இந்நோயைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் கருஊதாவாக மாறியதும் எடுக்கும் தைலம் தமிழ்நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. லேசான நோயில் செதிலை இளக்கி, அரிப்பைத் தணிக்க இது உதவக்கூடும். எந்த நல்ல எண்ணெய்ப் பூச்சும் அந்த அளவுக்காவது உதவும். ஆனால் பெரிய ஊசி மருந்துகளுக்கு நடந்தது போன்ற ஒப்பீட்டு ஆய்வுகள் இதற்கு நடக்கவில்லை. வெளியே தைலம் தேய்ப்பதில் சண்டைக்கு இடமில்லை. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் ஆகியவற்றை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து உள்ளே சாப்பிடுவதும், இரண்டு மருத்துவர்களிடமும் மறைப்பதும்தான் சிக்கல். ஈரலும் சிறுநீரகமும் யார் கொடுத்த மருந்து என்று பார்ப்பதில்லை.

கத்திரிக்காய், கருவாடு, மீன் என்று நீளும் பத்தியப் பட்டியலுக்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ள பத்தியம் ஒன்று உண்டு, யாருக்கும் பிடிக்காதது: உடல் பருமன் உள்ளவர் எடையைக் குறைப்பது. தணிவும் கூடும், மருந்தும் நன்றாகக் கேட்கும்.

தோல் சுத்தமானதும் நிறுத்தலாமா?

படை மறைந்த இடத்தைப் பலர் கவனித்திருப்பார்கள்: நோய் திரும்பும்போது பெரும்பாலும் அதே முழங்கை, அதே முட்டி, அதே உச்சந்தலை. அந்த இடத்துத் தோலுக்குள் நினைவு டி அணுக்கள் சில குடியிருப்பதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மருந்து அவற்றை வாய்மூட வைக்கிறது, வெளியேற்றுவதில்லை. நிறுத்தினால் சிலருக்கு வாரங்களில், சிலருக்குப் பல மாதங்கள் கழித்து அவை மீண்டும் பேசத் தொடங்கும். எனவே களிம்பை வாரத்துக்கு இரு நாளாகக் குறைப்பது, ஊசிகளுக்கு இடையே நாளை நீட்டுவது என்று மெல்ல இறங்கிப் பார்க்கிறார்கள். நோய் தொடங்கிய ஓரிரு ஆண்டுக்குள்ளேயே வலுவான ஊசியைக் கொடுத்தால் இந்த நினைவு பதியாமலே போகுமா என்று ஐரோப்பாவில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை காலையில் விரல்கள் விறைத்து, குதிகால் வலித்து எழுகிறவர்கள் மட்டும் காத்திருக்கக் கூடாது. தோலில் இரண்டே படைதான் இருந்தாலும் அவர்கள் மூட்டு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தோல் தடம் இல்லாமல் ஆறிவிடும். அரித்துப்போன மூட்டு திரும்ப வளராது.